சண்டே ஸ்கூலில் வாயே திறக்காத பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது?

லிங்கராஜபுரம்_அக்கா:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஜூனியர் வகுப்பு எடுக்கிறேன். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகள், பதிவேட்டில் 16 பேர். ஒரே ஹாலில் மூலைக்கு ஒரு வகுப்பு நடக்கும், பிகினர்ஸ் பாடும் பாட்டு எங்கள் ஜெபத்துக்குள் வந்துவிடும். அது பழகிப்போச்சு.

கேள்வியை நான் முடிப்பதற்குள் மூன்று பையன்கள் "அக்கா நான், அக்கா நான்" என்று எழுந்து நின்றுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் நாலு பிள்ளைகள். தவறாமல் வருகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், வாயைத் திறப்பதே இல்லை. அதில் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நோவா பாடம் முடிந்ததும் எல்லோரையும் பேழை வரையச் சொன்னேன். மற்றவர்கள் வரிசையாக ஜன்னல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டுகிற மாதிரி வரைந்திருந்தார்கள். இவள் வரைந்ததில் மூன்று தட்டு, பக்கவாட்டில் ஒரு கதவு, மேல்தட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரே ஒரு ஜன்னல். ஆதியாகமம் 6:16-ல் அப்படித்தான் இருக்கிறது, நான் ஒரு தடவைதான் வாசித்தேன். வகுப்பிலேயே கவனமாகக் கேட்கிற பிள்ளை அவள்தான். ஆனால் "நோவாவுக்கு எத்தனை மகன்கள்?" என்று கேட்டால் தலை குனிந்துகொள்கிறது.

"பேரைச் சொல்லி எழுப்பிக் கேளுங்கள், அப்போதுதான் பயம் போகும்" என்கிறார் எங்கள் சூப்பரின்டென்டன்ட். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

---

அல்சூர்_டீச்சர்:

சிஸ்டர், உங்கள் மனசு சொல்வதுதான் சரி. 34 வருஷம் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், சண்டே ஸ்கூல் இன்னும் எடுக்கிறேன். திடீரென்று பேர் சொல்லி எழுப்பினால் அந்தப் பிள்ளைக்குப் பாடம் மறந்துபோகும், எல்லோரும் பார்த்தது மட்டும்தான் நினைவிருக்கும்.

அந்த மூன்று பையன்களிடமிருந்து ஆரம்பியுங்கள். 1970-களில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் ஆரம்பப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரிய சமாசாரமில்லை, ஆனால் நின்று பாருங்கள், 3 விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று தெரியும். கேள்வி கேட்டதும் நான் சாக்பீஸை மேசையில் வைப்பேன். அதைத் திரும்ப எடுக்கும்வரை யாரும் கை தூக்கக் கூடாது என்பது சட்டம்.

சாக்பீஸை எடுக்கிறதுக்கு முன்னால், "பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்லு" என்பேன். ஹால் முழுக்கச் சத்தமாக இருக்கிறது என்கிறீர்களே, கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நல்லதுதான். அந்த இரைச்சலில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியம் வரும்.

இன்னொன்று, மகன்கள் எத்தனை என்கிற மாதிரிக் கேள்விக்கு ஒரே பதில்தான், தப்பினால் தப்புத்தான். "பேழைக்குள் ராத்திரி என்ன சத்தம் கேட்டிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

---

தாராவி_அண்ணன்:

மும்பையிலிருந்து எழுதுகிறேன். டீச்சரம்மா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஊருக்கு வெளியே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள், தெருவில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷும் மராத்தியும். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அவர்கள் கையில் பழைய திருப்புதலை, அதாவது பழைய நடையில் உள்ள தமிழ் பைபிளைக் கொடுத்து "ஆளுக்கொரு வசனம் வாசி" என்றால் என்ன நடக்கும்? பையன் தலைகளை எண்ணி, தனக்கு எந்த வசனம் வரும் என்று கணக்குப் போட்டு, அதையே உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மற்ற வசனம் ஒன்றும் காதில் ஏறாது. முறை வந்ததும் "பாத்ரூம் போகணும்" என்பான். அவனை அமைதியான பிள்ளை என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அவன் அமைதியானவனே இல்லை, மைதானத்தில் வந்து பாருங்கள்!

இப்போது ஆளுக்கொரு வசனம் என்பதையே நிறுத்திவிட்டோம். வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் அம்மாக்களுக்கு ஒரே ஒரு வசனம், அதோடு அதை நானே நிதானமாக வாசித்த ஆடியோ. யார் வாசிக்கப் போகிறார்கள் என்பதும் அப்போதே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காகிதத்தைப் பார்த்துச் சொல்லலாம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டு வந்தாலும் சரி. தமிழ் எழுத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுப்போம், ஆண்டவருடைய வார்த்தையைச் சொல்ல அது தடையாக இருக்க வேண்டாம்.

---

கம்மனஹள்ளி_அம்மா:

நான் டீச்சர் இல்லை, பேசாத பையனுடைய அம்மா. எங்கள் சபையில் ஒரு நாள் அவன் மெதுவாக ஒரு பதில் சொன்னான். உடனே வகுப்பு முழுக்கக் கைதட்டல், "அட, பேசிட்டானே!" என்று. அன்போடுதான் செய்தார்கள். அதற்குப் பிறகு பல வாரம் வாயே திறக்கவில்லை. தயவுசெய்து, பேசினால் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி "ஆமா, சரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அவனுக்கு உதவியது ஒரு சின்ன வேலை. பத்து நிமிஷம் முன்னாடி வரச் சொல்லி, பாய் விரிக்கவும் கலர் பென்சில் எடுத்து வைக்கவும் அவன் வகுப்பு எடுக்கிற அக்கா அவனைக் கூட்டிக்கொண்டார். ஹாலில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பேச்சு தானாக வந்தது.

---

லிங்கராஜபுரம்_அக்கா:

அண்ணா, நீங்கள் சொன்னதும் என் நாலு பேரில் இரண்டு பேருக்கு வாசிப்புத்தான் பிரச்சினை என்று புரிகிறது. பேழை வரைந்த பிள்ளை மட்டும் வேறு மாதிரி. வீட்டில் நிறையப் பேசுவாளாம், பள்ளியில் இத்தனை வருஷமாக ஒரு டீச்சரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று அவள் அம்மா நேற்று சொன்னார்.

---

அல்சூர்_டீச்சர்:

அப்படியானால் அது வெறும் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் தாராளமாகப் பேசுகிற பிள்ளை வெளியே சில இடங்களில் மட்டும் மாதக்கணக்கில் பேச முடியாமல் போவதை செலக்டிவ் மியூட்டிசம் என்கிறார்கள். அது பிடிவாதம் இல்லை, பதற்றம். அதுதானா என்று நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. அம்மாவிடம் தனியாக, பயமுறுத்தாமல் சொல்லுங்கள். நம்ம ஊரிலேயே நிம்ஹான்ஸில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, சீக்கிரம் காட்டினால் நல்லது.

அதுவரை உங்கள் வகுப்பில் அவள் தலையாட்டலாம், விரலால் காட்டலாம், வரையலாம். அதையெல்லாம் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசிப் பரிசுக்கு வாய்ப்பதிலுக்கு மட்டும் மார்க் போடுகிற வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், சூப்பரின்டென்டன்டிடம் இப்போதே பேசிவிடுங்கள். டிசம்பரில் பேசினால் பிந்திவிடும்.