கல்லாவுக்குக் கீழே துப்பாக்கி: கடையில் நின்றவர்கள் சொன்னவை

நைட்ஷிப்ட்காரன்:
அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) கடையில் ராத்திரி வேலை பார்த்தவன் நான். கல்லாவுக்குக் கீழே முதலாளி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். ஒருத்தன் வந்து சிகரெட் கேட்டான். பின்னால் இருந்த அலமாரியில் இருந்து எடுத்துக்கொண்டு திரும்பினால், நெஞ்சுக்கு நேராகத் துப்பாக்கி. கீழே நம்மிடமும் ஒன்று இருக்கிறது என்பது அந்த நேரத்திலும் நினைவில் இருந்தது. ஆனால் என் கை அங்கே போக வேண்டுமென்றால் அவன் பார்வை என்னை விட்டு நகர வேண்டும். நகரவே இல்லை. விரல் ட்ரிக்கரில், கை வெடவெடவென்று நடுங்கியது. துப்பாக்கியை விட அந்த நடுக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. டிராயரைத் திறந்து பணத்தைத் தட்டோடு நகர்த்திவிட்டேன். போய்விட்டான். கதவைப் பூட்டிக்கொண்டு போலீஸ் அவசர எண் 911ஐ அழைத்தேன். "ஓடும்போதாவது சுட்டிருக்கலாமே" என்று அப்புறம் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் ஒருவர்கூடக் கல்லாவில் நின்றவர் கிடையாது.

கடைக்காரர்:
தம்பி, நான் சுட்டவன். சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. அப்புறம் ராத்திரி முழுக்கக் காதுக்குள் ரீங்காரம். கொள்ளையடிக்க வந்தவன் மேல் குண்டு படவில்லை. சிப்ஸ் ரேக்கைத் துளைத்து, கூலர் கண்ணாடியை உடைத்து, பால் கேனில் இறங்கியது. தரையெல்லாம் பால். வந்தவன் அலறி ஓடிவிட்டான், அந்த வகையில் தப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கூலருக்குப் பின்னால் நின்றுதான் எங்கள் பையன் சரக்கு அடுக்குவான். குப்பை கொட்ட அப்போதுதான் வெளியே போயிருந்தான். போலீஸ் என் துப்பாக்கியைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள், அது திரும்பி வரவே வெகுநாள் ஆனது.

மருந்தகத்தில் வேலை:
அண்ணா, மருந்துக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்று உண்டு. 2009ல் ஓக்லஹோமா சிட்டியில் இரண்டு பையன்கள் கொள்ளையடிக்க வந்தார்கள். ஜெரோம் எர்ஸ்லண்ட் என்ற மருந்தாளுநர் ஒருவனைத் தலையில் சுட்டார், மற்றவனைத் துரத்திக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து வேறொரு துப்பாக்கியை எடுத்து, கீழே கிடந்தவனை இன்னும் ஐந்து முறை சுட்டார். எல்லாம் கேமராவில் பதிவானது. முதல் குண்டைத் தற்காப்பு என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. பின்னால் போட்ட ஐந்துக்காக 2011ல் ஆயுள் தண்டனை. எங்கள் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42ஆவது பிரிவின்படி, கொள்ளையடித்த பொருளோடு ஓடுகிறவனைத் தடுக்கக்கூடச் சில நிபந்தனைகளோடு சுடலாம். பெரும்பாலான மாநிலங்களில் அவன் முதுகைக் காட்டியதும் தற்காப்பு வாதம் ஆட்டம் கண்டுவிடும். ஒரு மாநிலத்தில் வேலை பார்த்த தைரியத்தை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

செயின்_ஸ்டோர்:
சுடலாமா வேண்டாமா என்ற கேள்வியே எங்களுக்கு வராது. ஊழியர் ஆயுதம் கொண்டு வரக் கூடாது என்பது கம்பெனி விதி. என்னோடு இருந்தவர் லைசென்ஸோடு இடுப்பில் வைத்திருந்தார், கொள்ளைக்காரனை விரட்டியும் விட்டார். போலீஸ் வழக்குப் போடவில்லை, கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. உயிரோடு இருப்பது வேறு, வேலையில் இருப்பது வேறு என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஃப்ளோரிடாவில் ராத்திரி திறந்திருக்கும் கடைகளுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது: டிராப் சேஃப் (பணத்தை உள்ளே போடலாம், ஊழியர் திறந்து எடுக்க முடியாத பெட்டி), கேமரா, வந்தவனின் உயரத்தைக் கணிக்க வாசலில் உயரக் குறி, கல்லாவில் 50 டாலருக்கு மேல் இல்லை என்ற அறிவிப்பு. ஏற்கெனவே கொள்ளை போன்ற குற்றம் நடந்த கடை என்றால், ராத்திரி 11 முதல் காலை 5 வரை இரண்டு ஊழியர், குண்டு துளைக்காத கூண்டு, காவலாளி என்று கூடுதலாக ஏதாவது ஒரு பாதுகாப்பு வேண்டும். கூட ஒரு ஆள் நிற்பதைப் போல எந்தத் துப்பாக்கியும் எனக்குத் தைரியம் தந்ததில்லை.

கடைக்காரர்:
ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க எல்லாக் கடைக்கும் கட்டுப்படியாகாது தம்பி, அதையும் சொல்லுங்கள். நான் இன்னும் துப்பாக்கி வைத்திருக்கிறேன், கல்லாவுக்குக் கீழே அல்ல, இடுப்பில். கீழே வைத்தால் ஷிப்ட் மாறும்போது யார் கைக்குப் போகிறது என்று தெரியாது. கூலர் பக்கம் பார்த்திருந்த கல்லாவையும் இடம் மாற்றி, வெறும் சுவர் எதிரே வரும்படி வைத்துவிட்டேன். கண்ணாடிக் கூண்டு போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வியாபாரம் குறைந்ததா?