போர்க்கைதிகளுக்கு ஒளித்துச் சோறு போட்டவர்கள் யார்?

கேள்வி:
இரண்டாம் உலகப்போரில் முகாமிலிருந்து தப்பியவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள் பற்றி நிறையப் படித்துவிட்டேன். வெளியே இருந்து மருந்தும் சாப்பாடும் கொடுத்தவர்களைப் பற்றி மட்டும் எல்லா இடத்திலும் ஒரே வரிதான்: "உள்ளூர் மக்கள் உதவினார்கள்". யார் அவர்கள்? காவலைத் தாண்டி எப்படிக் கொண்டுபோனார்கள்?

பதில் 1:
ஜப்பானியர் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையில் பூன்போங் என்று காஞ்சனபுரி ஊர் வியாபாரி ஒருவர் இருந்தார். முகாம்களுக்குச் சரக்கு கொடுக்க ஜப்பானியரிடமே ஒப்பந்தம் எடுத்திருந்தார், அதனால் அவருடைய படகு ஆற்றில் மேலே போவது அன்றாட விஷயம், காய்கறிக்கு அடியில் மருந்தும் பணமும் ரேடியோ பேட்டரியும் இருக்கும். அந்தப் பணம் வந்த வழிதான் என்னை உலுக்கியது. பாங்காக்கில் தாங்களே அடைபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் சிவிலியன்கள் ரகசியமாகத் திரட்டி அனுப்பியது அது. 12,000க்கும் மேற்பட்ட கைதிகள் செத்த இடம், காலராவும் வயிற்றுக்கடுப்பும் புரையோடிய புண்ணும். அங்கே ஒரு சின்ன மருந்துப் புட்டி போய்ச் சேர்ந்தால் ஒரு ஆள் பிழைப்பான்.

பதில் 2:
இத்தாலியையும் பாருங்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், ஜெர்மானியர் வந்து முகாம்களைப் பிடிப்பதற்குள் அங்கே அடைபட்டிருந்த நேச நாட்டுக் கைதிகள் ஆயிரக்கணக்கில் வெளியேறி மலைக்கிராமங்களில் ஒதுங்கினார்கள். சேர்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு உழுத ஏழைக் குடியானவர்கள். பிடித்துக் கொடுத்தால் 1,800 லிரா, ஒளித்து வைத்தது தெரிந்தால் உயிர் போகும். தங்கள் மகனும் எங்கோ இப்படித்தான் யார் வீட்டு வாசலிலாவது நிற்பான் என்று நினைத்துக் கதவைத் திறந்த தாய்மார்கள் நிறையப் பேர்.

பதில் 3:
சிங்கப்பூரில் எலிசபெத் சோய் என்ற பெண். கணவரோடு ஒரு மருத்துவமனையில் கேன்டீன் நடத்திக்கொண்டே சாங்கி சிறையில் இருந்தவர்களுக்கு உணவு, கடிதம், ரேடியோ பாகங்கள் எல்லாம் அனுப்பினார். (அங்கே அப்போது இருந்தவர்கள் படைவீரர்கள் அல்ல, சிவிலியன் கைதிகள். ஆனால் ஆபத்து அதே ஆபத்துதான்.) 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சி, ஆறு மாதத்துக்கு மேல் வதைத்தது. போர் முடிந்த பிறகு, வதைத்தவர்களில் தண்டிக்க வேண்டியவர்களின் பெயரைக் கேட்டபோது அவர் சொல்ல மறுத்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பிழைத்து ஊர் திரும்பியவர்கள் இவர்களை நினைத்துப் பார்த்தார்களா?

பதில் 2:
பார்த்தார்கள். இத்தாலியில் தப்பிய பழைய கைதிகள் 1989இல் மான்டே சான் மார்டினோ அறக்கட்டளை தொடங்கினார்கள், இத்தாலிய இளைஞர்கள் இங்கிலாந்து போய் ஆங்கிலம் படிக்க அது உதவித்தொகை கொடுத்து வருகிறது.

பதில் 1:
சரி, பூன்போங்குக்கும் உண்டு. ரயில்பாதைக் கைதிகளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்திரேலிய டாக்டர் டன்லப் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து ஒரு ஃபெலோஷிப். அதில் தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள்.