அந்தக் கூண்டுச் சண்டை கேமில் ஏமாந்தவர்கள் இங்கே வாங்க

தாமுவே பையன்:
எந்த கேம் என்று சொல்லவே வேண்டாம், யுஎஃப்சி (அமெரிக்கக் கூண்டுச் சண்டை நிறுவனம்) வீடியோ கேம்தான். அட்டைப்படத்தைப் பார்த்து நாம் எல்லாரும் விழுந்ததுதான். போட்டதும் முதலில் நம்ம பர்மாக் கூண்டுச் சண்டை வீரர் ஆங் லாவைத் தேடினேன். இல்லை. அவர் பெயர் வாங்கியது ஒன் சாம்பியன்ஷிப் என்ற வேறு நிறுவனத்தின் போட்டிகளில், இது யுஎஃப்சி கேம், எப்படி இருப்பார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று மூக்கு, தாடை, தோள் எல்லாம் இழுத்து இழுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஆங் லாவைச் செய்து முடித்தேன்.

கூண்டுக்குள் வந்தார். அறிவிப்பாளர் பெயர் சொல்லும் இடம் வந்தது. கேமில் பதிந்து வைத்திருக்கும் பெயர்களில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்பதால், ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எனக்கு அங்கேயே வெறுத்துப்போய்விட்டது.

2017 ஜூன் 30, யாங்கோனில் துவன்னா உள்ளரங்கில் அப்பாவோடு இருந்தேன். ஜனவரியில் ஜகார்த்தாவில் தன்னைத் தோற்கடித்த அதே ரஷ்ய வீரர் பிக்டாஷை ஆங் லா ஐந்து ரவுண்டும் நின்று அடித்து பெல்ட்டை வாங்கினாரே, அந்த ராத்திரி. பக்கத்தில் யார் என்றே தெரியாத ஆங் லாவின் கச்சின் இனத்துப் பெரியவர் ஒருவர் என் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்தச் சத்தத்தைக் கேட்ட காதில் இந்தப் பெயரா? போதாக்குறைக்குத் தலையால் முட்டவும் பட்டன் இல்லை.

தட்டோன்காரன்:
தம்பி, பெயர் விஷயம் சரி, முட்டுவதைப் பற்றிச் சொன்னது தப்பு. யுஎஃப்சி 1993-இல் தொடங்கியபோது முட்டலாம். பிறகு தடை போட்டுவிட்டார்கள். இல்லாத விதியை கேம் எங்கிருந்து கொண்டுவரும்? நீ கேட்பது லெத்வே, நம்ம பர்மாவின் பழைய குத்துச்சண்டை. அதில்தான் கையுறை கிடையாது, துணிக்கட்டு மட்டும், தலையும் ஆயுதம். பழைய முறையில் பாயிண்டும் கிடையாது, ஐந்து ரவுண்டு முடிந்து இருவரும் நின்றால் டிரா. விழுந்தவன் இரண்டு நிமிடம் ஓய்வு கேட்டு எழுந்து வரலாம், அதுவும் ஒரே தடவைதான். அது வேறு ஆட்டம். இரண்டையும் குழப்பாதே.

என் குறை வேறு. நான் சின்ன வயதில் புத்தர் கோயில் திருவிழாவில் இரண்டு தடவை லெத்வே மேடையில் ஏறியிருக்கிறேன் (வீட்டில் தெரியாது, இப்போதும் தெரியாது). இரண்டாவது தடவை தொடையில் ஒரே ஒரு உதை. மூன்று நாள் கக்கூஸில் குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. இந்த கேமில் ஒருத்தனின் அதே இடத்தில் எண்ணி முப்பது உதை விட்டேன். அவன் கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி துள்ளிக்கொண்டே வருகிறான். முப்பத்தோராவதில் நான் சுருண்டு விழுந்தேன். எதனால் விழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பசுண்டவுங் அக்கா:
நான் கேம் ஆடுகிறவள் இல்லை. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) லீவில் என் தம்பி, "அக்கா, ஒரே ஒரு ஆட்டம்" என்று ஜாய்ஸ்டிக்கைக் கையில் திணித்தான். அவன் மூன்று மாதமாகப் பயிற்சி. எனக்குத் தெரிந்தது ஒரு பட்டன். அதையே அமுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு கண் அடுப்பில் இருந்த குழம்பின் மேல். நாலு ஆட்டம், நாலிலும் நான்தான். நாலாவது முடிந்ததும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். பாவமாக இருந்தது. குழம்பும் அடிப்பிடித்துவிட்டது.

மோல்மீன் மாமா:
என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். கேமில் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி, ஐந்தாவது ரவுண்டு, எதிராளியின் கழுத்தைப் பிடித்துவிட்டான். கரண்ட் போனது. திரும்பி வந்து போட்டால் நாலு போட்டி பின்னால் நிற்கிறது. பையன் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைகளா, முதலில் ஒரு இன்வெர்ட்டர் போடுங்கள். கணக்கு சொல்கிறேன். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 1200 வாட் மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே 600-தான் கையில் இருப்பது. இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் 500 சொச்சம். கேம் பெட்டியும் டிவியும் சேர்ந்து 200 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம் ஓடும். அதோடு ஃபேன் போடாதீர்கள். பியூர் சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் வாங்குங்கள், மலிவானதில் டிவி இரையும். பேட்டரியைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். தண்ணீர் மட்டத்தை மாதம் ஒருதரம் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, பேட்டரித் தண்ணீர்தான் (காய்ச்சி வடித்தது).

தாமுவே பையன்:
மாமா, கரண்ட் இருந்திருந்தாலும் உங்கள் மகன் ஜெயித்திருக்க மாட்டான். கழுத்தைப் பிடித்தபிறகு அது சண்டையே இல்லை. ஒரு வளையத்தில் ஒரு கலர் பட்டை இன்னொரு கலர் பட்டையைத் துரத்தும், அவ்வளவுதான். 2020 அக்டோபரில் டச்சு வீரன் டி ரிடர் ஆங் லாவின் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றினானே, முதல் ரவுண்டு கூட முடியவில்லை. டீக்கடையில் போனைச் சுற்றிப் பத்துப்பேர் நின்றோம், ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பட்டையைப் பார்த்து எனக்கு அந்த பயம் வரவேயில்லை.

தட்டோன் அண்ணே, நான் குழப்பவில்லை. நம்ம ஊர் ஆளைச் செய்தால் நம்ம ஊர் அடி வேண்டும் என்றேன், அவ்வளவுதான்.

தட்டோன்காரன்:
ஆங் லா லெத்வே ஆள் இல்லையப்பா. கூண்டு ஆள்தான்.

பசுண்டவுங் அக்கா:
மாமா, அந்த பேட்டரித் தண்ணீர் எந்தக் கடையில் கிடைக்கும்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, இரண்டு வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.