ஊரணி, கண்மாய், சோலார்: அரசு மானியம் கேட்டுப் போன செட்டிநாட்டுக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோட்டையூர் பக்கத்து ஆள்:
எங்க ஊர்ல ரெண்டு ஊரணி. குடிதண்ணி ஊரணி நல்லாத்தான் இருக்கு. மத்தது சீமைக்கருவேலம் மண்டி, கரை எது பள்ளம் எதுன்னு தெரியாமக் கிடந்துச்சு. வெளிநாட்டுல இருக்கிற ஊர்க்காரங்க பணம் தரத் தயார். இருந்தாலும் அரசுப் பங்கும் சேர்ந்தா நாளைக்கு யாரும் வேலி போட முடியாதுன்னு 'நமக்கு நாமே' திட்டத்துல கேட்கலாம்னு முடிவு பண்ணினோம். 1997-ல வந்த திட்டம், 2021-ல மறுபடி உயிர் கொடுத்தாங்க. மக்கள் ஒரு பங்கு கட்டினா மீதியை அரசு போடும். பாதி அல்லது அதுக்கு மேல நாம போட்டா வேலையை நாமளே எடுத்துச் செய்யலாம்.

பணம் ஒரு பிரச்சினையாவே இல்லை. "யார் பேருல இருக்கு?"ங்கிற ஒரே கேள்விலதான் எல்லாம் நின்னுச்சு.

ஊர்ல எல்லாரும் அதை ஒரு குடும்பத்துப் பேரைச் சொல்லி 'அவுக வீட்டு ஊரணி'ம்பாங்க, வெட்டினது அவங்க முன்னோர். அ-பதிவேட்டை, அதான் வருவாய்த்துறையோட நிலப் பதிவேட்டைப் பார்த்தா ஊரணி புறம்போக்கு. சரி, நல்லதாப் போச்சுன்னு நினைச்சோம். ஆனா ஊரணிக்குத் தண்ணி கொண்டுவர்ற வரத்துக்கால் வேற சர்வே எண்ல ஓடுது, நடுவுல கொஞ்ச தூரம் தனியார் பட்டா. அரசுப் பணத்தைப் பட்டா நிலத்துல செலவழிக்க முடியாது. அதனால மதிப்பீட்டுல ஊரணி மட்டும்தான் ஏறுச்சு. மதிப்பீடு போட்டவர் எத்தனை கன மீட்டர் மண் அள்ளணும்னு சரியாக் கணக்குப் போட்டார். தண்ணி எந்த வழியா வரும்னு அந்தத் தாள்ல ஒரு வரி இல்லை.

வேலை முடிஞ்சது. செம்பூரான் கல் படித்துறை வெளிய தெரிஞ்சது, பார்க்க அவ்வளவு அழகு. ஐப்பசி மழை நல்லாப் பெய்ஞ்சும் மேல விழுந்த தண்ணிதான் நின்னுச்சு. போய்ப் பார்த்தா, வரத்துக்கால் வாய்ல இருக்கிற மடைக்கல்லுக்கு நாலடி தள்ளி ஒருத்தர் வீட்டு மதில் அஸ்திவாரம். கல்லுல பலகை இறக்குற காடி அப்படியே இருக்கு, அதுக்குள்ள சிமெண்ட் கலவை வழிஞ்சு காய்ஞ்சு கிடக்கு.

பிறகு ஊராட்சியில தீர்மானம், சர்வேயர் அளவை, பட்டாக்காரர் சம்மதக் கடிதம்னு அலைஞ்சு, அந்தப் பகுதியை முழுக்க எங்க சொந்தப் பணத்துல வெட்டினோம். அடுத்த மழைக்குக் கலுங்கு, அதான் மிச்சத் தண்ணி வழியுற இடம் வரைக்கும் தண்ணி ஏறுச்சு. யாராவது தொடங்கப் போறீங்கன்னா, மனு எழுதுறதுக்கு முன்னாடி புலப்படத்தை (நில அளவை வரைபடம்) கையில வச்சுக்கிட்டு வரத்துக்கால் முழுக்க நடங்க. ஊரணியைக் கடைசியாப் பார்த்துக்கலாம்.

காரைக்குடி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவன்:
அண்ணே, வெளிநாட்டுப் பணம்னு சொன்னீங்களே, அங்கே ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்துல இருந்து வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருக்காரர் மலேசியக் குடியுரிமை வாங்கியிருந்தா, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் கொடுக்கிறது) வச்சிருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு இல்லாத சங்கம் அதைத் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதல்ல டெல்லியில இருக்கிற ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்குத்தான் வரணும், இன்னொரு சங்கத்துக்குக் கைமாத்தவும் முடியாது. நம்ம பக்கம் ஒரே குடும்பத்துல அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட், தம்பி மலேசியப் பாஸ்போர்ட். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தொகையா அனுப்பிடுறாங்க. அதைப் பிரிச்சுக் காட்டுறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடும்.

மத்திய அரசு மானியம் வாங்குறவங்களுக்கு இன்னொன்னு: தனிக் கணக்கு வைங்க. மானியப் பணத்துக்கு வர்ற வட்டி உங்களுது இல்லை, அதைத் திருப்பிக் கட்டணும். வருஷக் கடைசியில பயன்பாட்டுச் சான்றிதழ் 12-அ படிவத்துல கொடுக்கணும், அதுல இந்த வட்டிக் கணக்கும் கேட்பாங்க. சேமிப்புக் கணக்கு வட்டியில தேநீர்ச் செலவு எழுதின சங்கங்களை நான் பார்த்திருக்கேன்.

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்க வீட்டுக் கதையும் அதே "யார் பேருல"தான். 2024 பிப்ரவரியில மத்திய அரசு வீட்டு சோலார் மானியம் அறிவிச்சாங்களே, மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதுக்கு மனுப் போட்டேன். வீடு பொது வீடு, பதினொரு புள்ளி, அதான் பதினொரு பங்குக் குடும்பம். கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் ஐயா பேருல ஓடுது. அவர் தவறிப் பல வருஷம் ஆச்சு. பில்லை முறை வச்சுக் கட்டிக்கிட்டு இருக்கோம், யாருக்கும் அதை மாத்தணும்னு தோணலை.

மானியம் மின் இணைப்பு யார் பேருல இருக்கோ அவங்க வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பேர் மாத்த வாரிசுச் சான்று, மத்த பங்காளிகளோட ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம், எல்லாம் வேணும். சென்னையில இருக்கிற ஒரு தம்பி நேராவே கேட்டார்: "மானியம் உங்க கணக்குக்கு வந்தா, நாளைக்கு வீடும் உங்க பேருக்குப் போயிருமா ஆச்சி?" கோபப்பட ஒண்ணுமில்லை, நியாயமான கேள்விதான். மின் இணைப்புப் பெயர் மாற்றத்தால சொத்துப் பங்கு மாறாதுன்னு ஒரு உடன்பாடு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை நகர்ந்துச்சு.

மாட்ட வந்தவர் நாட்டு ஓட்டுக்கூரையில ரெண்டு வரிசை ஓட்டை எடுத்துட்டு இரும்புச் சட்டம் போடலாம்னார். அந்த ஓடு உடைஞ்சா இப்ப மறுபடி எங்கே கிடைக்கும்? மழைத்தண்ணி அந்தக் கூரை வழியாத்தான் முற்றத்துக்கு வருது, கிடாரம் வச்சுப் பிடிக்கிறோம். பின்கட்டு மெத்தையில, அதான் மொட்டை மாடியில போடுங்கன்னு சொல்லிட்டேன். மத்தியானம் தென்னை நிழல் கொஞ்சம் விழுது, விழட்டும்.

பணம் முழுசையும் முதல்ல நாமதான் கட்டணும். மீட்டர் மாட்டி, அதிகாரிங்க வந்து பார்த்த பிறகுதான் மானியம். அவ்வளவு தொகையைப் புரட்ட முடியுற குடும்பத்துக்குத்தான் இது சரிப்படும். ஏழை வீட்டுக்கு இது எட்டாது, அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

கல்லல் விவசாயி:
கண்மாய்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. 40 ஹெக்டேருக்குக் கீழே ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணி பாயுற நிலம்) இருந்தா அது ஊராட்சி ஒன்றியக் கண்மாய், மேல இருந்தா நீர்வளத்துறை. ஆபீஸ் மாறிப் போனா மனு அங்கேயே தூங்கும். கண்மாயைச் சீர்படுத்துற குடிமராமத்துத் திட்டம் 2017-ல வந்தப்ப ஆயக்கட்டுதாரர் பங்கு 10 சதவீதம், பணமாவோ உழைப்பாவோ கொடுக்கலாம்னு இருந்துச்சு. எங்க கண்மாய்ல ஆட்களை இறக்கினோம், மடை சரியாச்சு. உழைப்பா கொடுத்ததாலதான் ஊரே கரையில வந்து நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு சிறு தொண்டு அமைப்பு:
நாங்க ஐ.நா. வழியா வர்ற உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தோட சிறு மானியத் திட்டத்துக்கு எழுதினோம். 1992-ல இருந்து நடக்குது, ஊர் அமைப்புகளுக்கு மட்டும்தான், தனி ஆளுக்குக் கிடையாது. சீமைக்கருவேலத்தை எடுத்துட்டு நாட்டு மரம் வைக்கிறதா எழுதியிருந்தோம். மனுவைவிட ஊர்க் கூட்டம்தான் கஷ்டம். எல்லாரும் கைதட்டுவாங்கன்னு பார்த்தா, கரிமூட்டம் போடுற பெண்கள் எழுந்து, "மரத்தை எடுத்துட்டா அடுப்புக்கும் அரிசிக்கும் என்ன வழி?"ன்னாங்க. மூட்டத்துப் புகையில கண்ணு சிவந்துபோன ஒரு அம்மா, ஒரு மூட்டைக் கரிக்கு என்ன கிடைக்குதுன்னு கணக்கே சொல்லிட்டாங்க. அதுக்கு எங்க திட்டத்துல பதில் இல்லை. ஊரணியிலயும் வரத்துக்கால்லயும் மட்டும் முதல்ல எடுக்கிறது, மேட்டு நிலத்துல அவங்க வெட்டிக்கிறதுன்னு மாத்தி எழுதினோம். மூணாவது வருஷம் கன்னுக்கு யார் தண்ணி ஊத்துவாங்கன்னு மானியம் தர்றவங்க கேட்டிருக்காங்க. அதுக்கும் அந்தப் பெண்கள் பேரைத்தான் எழுதினோம், கூலியோட. முடிவுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஆடிட்டர் தம்பி, ஒரு சந்தேகம். எங்க பக்கத்து வீட்லயும் சோலார் போடப் போறாங்க. ஒரு பங்காளி பினாங்குல இருக்கார், வர முடியாதாம். பவர் பத்திரம் எழுதி அனுப்பலாமா?

காரைக்குடி ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவன்:
அனுப்பலாம் ஆச்சி. மலேசியாவுல இருக்கிற இந்தியத் தூதரக அதிகாரி முன்னால கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இங்க வந்து சேர்ந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டிடணும். தபால் உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தேதிக்கு அதைத்தான் காட்டணும்.