மாடி வீட்டுத் தம்பிகளை 'நாய்க்கறி' என்று சொல்லி காலி செய்யச் சொல்கிறார்கள்

ஈஜிபுரா வாசி:
பெங்களூரில் எங்கள் மாடியில் நாகாலாந்தின் திமாப்பூரிலிருந்து வந்த தம்பிகள் இருவர் குடியிருக்கிறார்கள். சனிக்கிழமை சமைத்தால் அகுனி வாசம் படிக்கட்டு வரை இறங்கும். புளிக்கவைத்த சோயா அது. ஓனரம்மாவோ "நாய்க்கறி வேகுது, காலி பண்ணச் சொல்லப்போறேன்" என்கிறார். அதோடு வெந்தது பன்றிக்கறி, நானே வாங்கிச் சாப்பிட்டேன். மணி என்ற தெருநாய்க்கு தினமும் சோறு வைப்பவன் நான். நாய்க்கறி என்றாலே எனக்கும் வயிற்றைப் புரட்டும். ஆனாலும் இந்தப் பையன்களைத் தெருவில் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டம் என்ன சொல்கிறது?

கோஹிமாவில் 4 வருடம்:
நாகாலாந்தில் சந்தையில் நாய்க்கறி விற்பது உண்மைதான். ஆனால் என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் தொட்டதே இல்லை. 2020 ஜூலையில் நாகாலாந்து அரசு விற்பனையைத் தடை செய்தது. வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் கௌஹாத்தி உயர் நீதிமன்றத்தின் கோஹிமா கிளை, தலைமைச் செயலாளருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தடையை ரத்து செய்தது. மற்றபடி, நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள இறைச்சி விலங்குப் பட்டியலில் நாய் கிடையாது. பெங்களூரில் கடை போட்டு விற்க வழியில்லை.

அல்சூர் செல்வி:
அண்ணா, இந்தப் புரளியால் நாங்கள் பட்டது கொஞ்சமல்ல. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து எழும்பூருக்கு வந்த இறைச்சியை நாய்க்கறி என்று டிவியில் ஓட்டினார்கள். அப்பா தள்ளுவண்டியில் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தார். அண்டாவோடு வீட்டுக்குத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. பரிசோதனையில் ஆட்டுக்கறி என்று வந்தது. அது யார் காதிலும் விழவில்லை. 2024 ஜூலையில் இங்கே பெங்களூர் ரயில் நிலையத்திலும் அதே கதை. ராஜஸ்தானிலிருந்து வந்த பெட்டிகள், அதே சந்தேகம், ஹைதராபாத் ஆய்வகத்திலும் ஆடு என்றே முடிவு. ஓனரம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சியோல் ரிட்டர்ன்:
காலம் காலமாக நாய்க்கறி சாப்பிட்ட தென்கொரியாவிலேயே 2024 ஜனவரியில் சட்டம் வந்துவிட்டது. 2027 பிப்ரவரியிலிருந்து கறிக்காக வளர்ப்பது, வெட்டுவது, விற்பது மூன்றுமே குற்றம். சாப்பிடுபவருக்குத் தண்டனை இல்லை. தைவானில் 2017 முதல் சாப்பிட்டாலும் அபராதம். கொரிய இளைஞர்கள் பலர் தொடுவதே இல்லை. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பெருகியதுதான் பெரிய காரணம். ஊர்ப் பெயரை வைத்து ஒருவர் தட்டில் இருப்பதை முடிவு செய்வது தப்பு.

ஈஜிபுரா வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஓனரம்மாவை மாடிக்கே கூட்டிப்போனேன். தம்பி டப்பாவைத் திறந்து நீட்டினான். முகர்ந்து பார்த்து, "சோயாவா இது!" என்றார். அக்ரிமென்ட் மார்ச் வரை இருக்கிறது, அதுவரை இருக்கட்டும் என்கிறார். அதற்கப்புறம் மறுபடி பேசத்தான் வேண்டும்.