சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் கொதிப்பதைத் தடுப்பது எப்படி?

கேள்வி:
இரட்டை எஸ்யூ (SU) கார்புரேட்டர்கள் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவிகள்) கொண்ட பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வண்டி, நீண்ட ஓட்டத்துக்குப் பின் சற்று நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் திணறுகிறது. பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. இதற்கு நிலையான தீர்வு உண்டா?

பதில் 1:
இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) கார்புரேட்டர்களும் ஒரே பக்கத்தில் நெருங்கி அமைந்துள்ளன. ஓடும்போது காற்றோட்டமும் தொடர்ந்து வரும் புது பெட்ரோலும் சூட்டைத் தணிக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால், மேலெழும் வெப்பம் கார்புரேட்டரின் மிதவை அறையில் (பெட்ரோல் தங்கும் சிறு கிண்ணம்) தேங்கிய பெட்ரோலைக் கொதிக்க வைத்து, ஜெட் எனும் சிறு துளை வழியாக எஞ்சினுக்குள் வழியச் செய்கிறது. நீங்கள் உணரும் வாடை அதுதான். முதலில் கார்புரேட்டர்களுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அதன் காப்புப் பட்டை உதிர்ந்து, வெறும் தகடு மட்டும் மிஞ்சியிருந்தால் பயன் குறைவு. பழைய பட்டையில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், தயவுசெய்து அதைச் சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். இன்லெட் மேனிஃபோல்டுக்கும் (எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுசெல்லும் குழாய்) கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள, வெப்பம் கடத்தாத ஃபீனாலிக் பிளாஸ்டிக் கட்டைகளில் விரிசல் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. எத்தனால் கலந்த பெட்ரோல் எளிதில் ஆவியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருந்தால் எக்ஸாஸ்ட் சூடு கூடும். தகடு வாங்குவதற்கு முன்பே அதைச் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அதுவரை சூடான வண்டியை எப்படி எடுப்பது?

பதில் 1:
சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடிய கலவை தரும் இழுப்பான்) இழுக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், தேங்கிய ஆவி வெளியேறி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நிறுத்தியவுடன் பானெட்டைத் திறந்து வைப்பதும் உதவும்.