இந்தோனேசியாவா, சீனாவா, மெக்சிகோவா? முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வழி சொல்லுங்கள்

அம்பத்தூர் அரைச்சுருதி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளாக எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் சாதாரண மரக் கிட்டார் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குள் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்று 28,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். என் சம்பளத்தில் இதைச் சேர்க்க பதினான்கு மாதம் ஆனது. அதனால் தவறான ஒன்றை வாங்கிவிடக் கூடாது என்ற பயம் இருக்கிறது.

மூன்று கிட்டார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று இந்தோனேசியாவில் செய்த ஸ்குவயர், அதாவது ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு வரிசை. இன்னொன்று சீனாவில் செய்த எபிஃபோன். மூன்றாவது, கொளத்தூரில் ஒருவர் விற்கும் பழைய மெக்சிகோ ஃபெண்டர். 35,000 கேட்கிறார், அண்ணனிடம் கடன் வாங்கினால் முடியும். நான் போன கடையில், "சீனா என்றால் தொடவே தொடாதீர்கள், இந்தோனேசியா பரவாயில்லை, மெக்சிகோ கிடைத்தால் விடாதீர்கள்" என்றார்கள். காரணம் கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. தலைப்பகுதியின் பின்னால் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரை வைத்துத் தரத்தை முடிவு செய்யலாமா?

பழைய கம்பி:

ஜப்பான் கிட்டார் கிடைக்கும் வரை காத்திருங்கள், சகோதரி. 1986இல் பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் கிட்டார் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மெல்லிசைக் குழுவோடு இருபது ஆண்டுகள் ஊர் ஊராகச் சுமந்திருக்கிறேன். கழுத்து இம்மியும் அசையவில்லை. மற்ற நாட்டுக் கிட்டார் எதிலும் அந்த நேர்த்தியை நான் பார்த்ததில்லை.

பெரம்பூர்ப் பட்டறை:

அம்மா, உங்கள் கேள்வியைக் காலையிலேயே படித்துவிட்டேன். பதினான்கு மாதச் சேமிப்பு என்று எழுதியிருந்ததால், அவசரமாகப் பதில் போட மனம் வரவில்லை.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கிட்டார் பழுது பார்ப்பது வேலையில் இருந்த காலத்திலேயே தொடங்கியது. எங்கள் தொழிற்சாலை 1955இல் தொடங்கியபோது பெட்டியின் வடிவமைப்பு ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனத்தினுடையது. அதைச் செய்த கைகள் அயனாவரத்துக் கைகள், வில்லிவாக்கத்துக் கைகள். பாகம் வரைபடத்தில் குறித்த அளவுக்குள் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் திரும்பி வரும். செய்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேஜ் கேட்காது. கிட்டாரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பழைய கம்பி ஐயா ஜப்பானைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1982இல் ஃபெண்டர் ஜப்பானில் கூட்டு நிறுவனம் தொடங்கி, மாட்சுமோட்டோவின் ஃபூஜிஜென் தொழிற்சாலையிடம் உற்பத்தியைக் கொடுத்தது. ஃபெண்டர் கிட்டார்களின் ஜப்பானிய நகல்கள் அவ்வளவு நன்றாக இருந்ததால், அவற்றோடு விலையில் மோதத்தான் ஸ்குவயர் என்ற பெயரை எடுத்தார்கள். அது அதற்கு முன் கம்பி தயாரித்த ஒரு நிறுவனத்தின் பெயர். ஃபெண்டர் அதை 1965இல் வாங்கியிருந்தது. அந்த முதல் ஜப்பான் ஸ்குவயர்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். மலிவு விலைக்கென்று பிறந்தவை அவை!

அதற்குச் சற்று முன்னால், 1970களில், அமெரிக்காவிலேயே செய்த ஃபெண்டர்களின் கதை வேறு. ஃபெண்டர், சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் கையில் இருந்த காலம் அது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற மாடலின் கழுத்தை நான்கு திருகுக்குப் பதில் மூன்று திருகில் மாட்டினார்கள். கழுத்துக் குழியும் தளர்வாக இருந்தால், லேசாகத் தள்ளினாலே கழுத்து பக்கவாட்டில் நகரும். அப்படி ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. "அமெரிக்கத் தயாரிப்பு" என்று அதன் உரிமையாளர் எத்தனை பெருமையாகக் கொண்டு வந்தார் தெரியுமா? அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1980களின் இறுதியில் 'ஸ்குவயர் 2' என்ற வரிசையில் சில கிட்டார்கள் இந்தியாவில் செய்யப்பட்டன. அதில் ஒன்றைப் பார்த்தேன். கழுத்து நூல் பிடித்தது போல் நேராக இருந்தது. ஃப்ரெட்டுகள்தான், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான், ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து சமன் செய்து கொடுத்தேன். இப்போதும் புளியந்தோப்பில் ஒரு பையன் அதில் வாசிக்கிறான்.

இப்போது உங்கள் மூன்று கிட்டார்களுக்கு வருகிறேன். இன்று உடலையும் கழுத்தையும் கணினி இயந்திரம் கடைகிறது. அந்த இயந்திரம் கொரியாவில் ஓடினாலும் சீனாவில் ஓடினாலும் ஒரே அளவில்தான் வெட்டும். அதற்குப் பிறகு மனிதக் கை செய்கிற வேலை இருக்கிறதே, ஃப்ரெட்டை அடித்து இறக்குவது, சமன் செய்வது, முனையை உருட்டித் தேய்ப்பது, நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையில், கம்பிக்கான காடியை அறுப்பது, அதில்தான் மலிவுக் கிட்டார் தேறுகிறது அல்லது தோற்கிறது. அந்த வேலைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம் என்பதை விற்கப்போகும் விலைதான் முடிவு செய்கிறது. இந்தோனேசியாவில் கோர்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று ஸ்குவயரும் செய்கிறது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பி.ஆர்.எஸ். எஸ்.இ. கிட்டார்களும் செய்கிறது. நாடு ஒன்று, நிறுவனம் ஒன்று. வேறுபடுவது கேட்ட தரமும் கொடுத்த காசும்.

சீனாவை ஒதுக்கச் சொன்னவர்களுக்கு இரண்டு செய்திகள். எபிஃபோனுக்கென்று சிங்தாவ் நகரில் 2004இல் தனித் தொழிற்சாலையே திறந்தார்கள். ஸ்குவயரின் கிளாசிக் வைப் வரிசை 2008இல் சீனாவில்தான் தொடங்கியது. 2019இல் இந்தோனேசியாவுக்கு மாறியது. அந்தச் சீனக் கிட்டார்களைப் பழையதாகவாவது கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோ விஷயம் எளிது. என்செனாடாவில் 1987 முதல் ஃபெண்டரின் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. நல்ல வேலை. ஆனால் நீங்கள் பார்ப்பது பழைய கிட்டார். அதை வாசித்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதற்கு என்செனாடா பொறுப்பேற்க முடியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். விரற்பலகை என்ன மரம் என்று விவரத்தில் பாருங்கள். பல ஸ்குவயர், எபிஃபோன் கிட்டார்களில் 'இந்தியன் லாரல்' என்று போட்டிருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் கருமருது. 2017இல் ஈட்டி மரக் குடும்பத்துக்கு உலக வணிகக் கட்டுப்பாடு வந்தபோது பல நிறுவனங்கள் அதற்கு மாற்றாக எடுத்த மரங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கடைக்குப் போகும்போது ஒரு விசிட்டிங் கார்டும் சின்ன எஃகு அளவுகோலும் கொண்டு போங்கள். சுருதி சேர்த்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள். கழுத்தின் விளிம்பில் உள்ளங்கையை மேலிருந்து கீழ் வரை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறக் கூடாது. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்தி நடுவில் பாருங்கள். கார்டு நுழையும் அளவு இடைவெளி போதும், கால் மில்லிமீட்டர். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் கவலை வேண்டாம், குறைத்துக்கொள்ளலாம். முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள்; ஓடவில்லையென்றால் கழுத்து கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, காசு உங்களுடையது.

கரகரக்கும் வால்யூம் குமிழ், ஆடும் ஜாக் எல்லாம் சிறிய விஷயம். ரிச்சி தெருவில் பாகம் வாங்கி அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். முறுக்கிய கழுத்தை அப்படி மாற்ற முடியாது. 28,000த்தில் 2,500 ரூபாயைச் சரிசெய்யும் கூலிக்கென்று எடுத்து வையுங்கள்.

ராயபுரம் காற்று:

பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எந்த நாட்டுக் கிட்டாரும் சென்னைக்கு வந்த பிறகு சென்னையின் ஈரத்தில்தான் வாழ வேண்டும். கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி என் வீடு. புத்தம் புதிய கிட்டாரின் பிரிட்ஜ் திருகுகள் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டன. வாசித்ததும் கம்பியைத் துடையுங்கள். உறைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். கடையில் ஏசியில் தொங்கிய கிட்டாரின் கழுத்து வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் வளையும். முதல் மாதம் பொறுத்திருந்து பிறகு, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அரைச்சுருதி:

ஐயா, நேற்று சனிக்கிழமை முழுவதும் அலைந்தேன். முதலில் கொளத்தூர். மெக்சிகோ ஃபெண்டரின் ஒலி மனத்தை அள்ளியது, ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பிக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருந்தது, நகம் வைத்தால் தட்டுப்பட்டது. கடையில் எபிஃபோன் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. எனக்குத்தான் கழுத்து தடிமனாகப் பட்டது, என் கை சிறியது.

ஸ்குவயரில்தான் ஆச்சரியம். ஒரே மாடல், ஒரே நாடு, இரண்டு கிட்டார்கள் இருந்தன. சிவப்பு நிறத்தில் இருந்தது உள்ளங்கையைக் கீறியது. பதினான்காம் ஃப்ரெட்டில் இரண்டாம் கம்பி அதிர்ந்தது. கறுப்பு நிறத்தில் இருந்ததில் ஆறு கம்பிகளிலும் உள்ள 132 இடங்களையும் வாசித்துப் பார்த்தேன், எங்கும் அதிரவில்லை. எனக்குச் சிவப்புதான் பிடிக்கும். ஆனாலும் கறுப்பை வாங்கிவிட்டேன். விரற்பலகை கருமருதுதான்!

முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் மட்டும் சுருதி கொஞ்சம் ஏறிப் போகிறது. மற்ற இடங்களில் சரியாக இருக்கிறது. இது நான் தவறவிட்ட குறையா?

பெரம்பூர்ப் பட்டறை:

132 இடமும் வாசித்தீர்களா! மிகவும் மகிழ்ச்சி, அம்மா. கவலைப்பட வேண்டாம். நட்டின் காடிகளை ஆழம் குறைவாக அறுத்து அனுப்பியிருக்கிறார்கள். கம்பி உயரத்தில் இருப்பதால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது அதிகம் இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும், உங்களுடையதில் அதிகம் இருக்கும். சிறிய அரத்தால் இறக்கிவிடலாம். அதிகமாக அறுத்திருந்தால் நட்டையே மாற்ற வேண்டியிருக்கும், அந்த வகையில் இது நல்லதுதான்.

ராயபுரம் தம்பி சொன்னபடி ஒரு மாதம் வீட்டில் வைத்து வாசியுங்கள், பிறகு கொண்டு வாருங்கள். நட்டையும் கழுத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். புதுக் கம்பி வாங்கினாலும் பழையதைக் கழற்றாமல், சுருதி சேர்த்தபடியே கொண்டு வர வேண்டும். இழுவிசை இருந்தால்தான் கழுத்து உண்மையில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று தெரியும்.